கடன்படாமல் ஓர் அயல்நாடு



அயல்நாட்டுப் பயணம் செல்வர்க்கே உரியதென நம்மவர் பலர் எண்ணுகின்றனர். கடன் வாங்கிச் சென்று, திரும்பியபின் வட்டிக்கு உழைப்போரையும் காண்கிறோம். இரண்டும் வேண்டா என்பதே எங்கள் கருத்து.

காஞ்சிரங்குளத்தாராகிய நமக்கு எல்லை புதிதன்று. 1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆயினும் பாறசாலை கடந்து களியக்காவிளைக்கு யாரையும் கேளாமல் போய்வருகிறோம். அவ்வாறு நடந்தே கடக்கத்தக்க நாட்டெல்லையும் ஒன்றுண்டு; அது நேபாள எல்லை.

திருவனந்தபுரம் வடக்கு நிலையத்திலிருந்து கோரக்பூருக்கு நேர் ரயில் உண்டு. இரண்டு இரவுகளுக்கு மேற்பட்ட பயணமாதலின் அவலும் புளிச்சோறும் உடன் கொள்க. அங்கிருந்து சோனௌலி எல்லை ஏறக்குறைய 100 கிலோமீட்டர், பேருந்திற் செல்லலாம். எல்லைக்கு அப்பால் புத்தர் பிறந்த லும்பினி அண்மையில் உள்ளது. அசோகர் நாட்டிய தூணை அங்கே காணலாம்.

இந்தியர்க்கு விசா வேண்டா. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். ஆதார் அட்டை 15 வயதுக்குட்பட்டோர்க்கும் 65 வயது கடந்தோர்க்குமே போதும். இதை மறந்து எல்லையில் திரும்ப நேர்ந்தால் செலவெல்லாம் வீணாகும்.

நம் 100 ரூபாய்க்கு அங்கு 160 ரூபாய். ஆகவே விலை கேட்கும்போது, “எந்நாட்டு ரூபாய்?” என்று முதலிற் கேளுங்கள்.

மாதந்தோறும் சிறுகச் சேமித்துப் புறப்படுங்கள். கண்ட காட்சி நெஞ்சில் நிற்கட்டும். கடன் நிற்க வேண்டா.