குழந்தையின் பாலின மனவுளைச்சல்



ஏழு வயதுப் பிள்ளை ஒன்று அக்காளின் பாவாடையை உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் நிற்கின்றது. தாய் நகைக்கின்றாள், தந்தை சினக்கின்றார். ஒன்பது வயதில் அதே பிள்ளை, "நான் பெண்தான், என்னை ஏன் பையன் என்கிறீர்கள்?" என்று கேட்டு அழுங்கால், நகைப்பும் சினமும் ஒருங்கே அடங்கி வீட்டில் அச்சம் குடிபுகுகின்றது. அவ்வேளையில் பெற்றோர் செய்யத்தக்கது யாது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

விருப்பம் வேறு, தான் யார் என்னும் உணர்வு வேறு. மரமேறும் சிறுமியும் கோலமிட விழையும் சிறுவனும் எவ்வகைச் சிகிச்சையும் வேண்டாதவர்கள். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேடு, குழந்தைகளுக்கென 8 அடையாளங்களைக் குறித்து, அவற்றுள் 6 ஆயினும் 6 மாதங்களுக்குக் குறையாமல் காணப்படவேண்டும் என்றது. பிறிதொரு பாலினராய் இருக்கவேண்டும் என்னும் வலிய விழைவோ, அவ்வாறே இருக்கின்றேன் என்னும் உறுதியோ அவற்றுள் இன்றியமையாதது. அதனோடு மனத்துன்பமோ, படிப்பிலும் பழக்கத்திலும் தடையோ இருத்தலும் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று 2022-இல் நடைமுறைக்குக் கொணர்ந்த 11-ஆம் நோய்ப் பகுப்போ இன்னும் பொறுமை காட்டுகின்றது. ஏறத்தாழ 2 ஆண்டுகள் நீடித்தாலன்றிப் பெயரிடலாகாது என்பது அதன் விதி. இந்நிலையை மனநோய்களின் வரிசையினின்றும் அது நீக்கிவிட்டது.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்க்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 'நான் போகிறேன்' என்னும் தமிழ்த் தொடரில் பேசுவோர் ஆணா, பெண்ணா என்பது தோன்றாது. இந்தியிலோ 'ஜாதா ஹூம்' என்றால் ஆண். 'ஜாதீ ஹூம்' என்றால் பெண். மராட்டியும் 'ஜாதோ', 'ஜாதே' எனப் பிரிக்கும். வீட்டுத் தமிழில் மறைந்து கிடக்கும் ஒன்று, பள்ளியில் வாய் திறக்குந்தோறும் வெளிப்பட்டுவிடும். ஆசிரியர் அதைக் கேட்டு, பெற்றோரை அழைத்துக் கூறவும் கூடும். ஆயினும் தமிழ்க் குழந்தைகள் இந்தியில் பால் மயங்கிப் பேசுவது எங்கும் காணும் செய்தியே. (பெரியவர்களாகிய நாமும் அதில் தேர்ந்தவர்கள் அல்லோம்.) இலக்கணப் பிழையை அறிகுறி என்று மருத்துவர் மயங்கலாகாது. முடியிறக்குமுன் ஆண் குழந்தைக்குப் பின்னலிட்டுப் பூச்சூட்டிப் புகைப்படம் எடுப்பதும், மகளை 'வாடா கண்ணா' என்று கொஞ்சுவதும் நம் வீட்டு வழக்கங்கள் என்பதையும் அவரிடம் நாமே எடுத்துரைத்தல் வேண்டும்.

நல்ல மருத்துவர் ஒரே அமர்வில் முடிவு கூறமாட்டார். பெற்றோருடனும், பிள்ளையுடன் தனித்தும், பல மாதங்கள் பேசுவார். எப்போது தொடங்கிற்று, யார் கேலி செய்கின்றனர் என்று வினவுவார். கழிப்பறைக்குச் செல்ல அஞ்சிப் பகலெல்லாம் தண்ணீர் அருந்தாமலிருக்கும் பிள்ளைகளும் உண்டு, அதனையும் கேட்டறிவார். அச்சம், சோர்வு, ஆட்டிசம் ஆகியவை உடனிருக்கின்றனவா என்று நோக்குவார். இருப்பினும், 'எல்லாவற்றிற்கும் காரணம் அதுவே' என்று பிள்ளையின் சொல்லைத் தள்ளிவிடமாட்டார்.

பருவம் தொடங்காத குழந்தைக்கு இதன்பொருட்டு மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை. பருவ வளர்ச்சியைத் தள்ளிவைக்கும் மருந்து பற்றிய பூசல் அதற்குப் பிற்பட்ட வயதினரைச் சார்ந்தது. அம்மருந்துக்குரிய சான்றுகள் வலுவற்றவை என்று இங்கிலாந்தில் டாக்டர் ஹிலாரி காஸ் 2024 ஏப்ரலில் அளித்த அறிக்கை கூறிற்று. அமெரிக்க மருத்துவச் சங்கங்கள் பல அதற்கு மாறான கருத்தைக் கொண்டிருந்தன. ஏழு வயதுப் பிள்ளையின் பெற்றோர் இப்பூசலில் இன்றே பக்கம் சேரவேண்டிய தேவை இல்லை. அவர்களுக்குக் காலம் இருக்கின்றது.

அக்காலத்தை வீணாக்குவது அவசரமே. அடித்துத் திருத்துவோரும், மந்திரிக்க அழைத்துச் செல்வோரும் உளர். 'மாற்றித் தருகிறோம்' என்னும் மருத்துவத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் தடுத்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அதனைத் தொழில் ஒழுக்கக்கேடு என அறிவித்தது. இதற்கு எதிர்ப்புறத்தில், பிள்ளை ஒருமுறை கூறியதைக் கொண்டு வாழ்நாள் முழுமைக்கும் முடிவு கட்டிவிடுவதும் நமக்கு உடன்பாடன்று. சிலரிடம் இவ்வுணர்வு பருவகாலத்தில் தணிகின்றது, சிலரிடம் வலுக்கின்றது. இன்னாரிடம் இன்னவாறாகும் என்று முன்கூட்டி உரைக்கும் சோதனை எதுவும் இல்லை. ஆகவே வீட்டினுள் உடுக்கவும் விளையாடவும் இடங்கொடுத்து, பள்ளியில் கேலியை நிறுத்த ஆசிரியரிடம் பேசி, பிள்ளை சொல்வதைக் கேட்டிருப்பதே நாம் காணும் வழி.

இதனினும் பெரிது, பிள்ளை வீட்டில் இருப்பது. துரத்தப்பட்டும் அடிக்கு அஞ்சியும் இளவயதிலேயே இல்லம் நீங்கி, முன்பின் அறியாத நகரங்களில் கையேந்தி வாழ்ந்தோர் பலர். 2019-இல் இயற்றப்பெற்ற திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, திருநர் என்னும் காரணத்தால் எக்குழந்தையையும், நீதிமன்ற ஆணையின்றி, பெற்றோரிடமிருந்து பிரிக்கலாகாது என்று விதித்தது. பெற்றோரே வெறுத்து ஒதுக்குமிடத்து அவ்விதி என்ன செய்யும்?

இறுதியாக ஒன்று. ஊர்மொழி அறியாத தாய், மருத்துவரிடம் பேசப் பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்வது நம்மிடையே வழக்கம். காய்ச்சலுக்கு அது தகும், இதற்குத் தகாது. தன்னைக் குறித்த தாயின் கண்ணீரைப் பிள்ளையே இந்தியில் எடுத்துரைக்க நேரும். உறவினரல்லாத பெரியவர் ஒருவரை உடனழைத்துச் செல்லலாம். 2022-இல் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416; அதில் தமிழிலும் பேசலாம். பிள்ளை பள்ளிக்குச் சென்றிருக்கும் வேளையில் தாய் தனியே அழைத்து, தன் அச்சத்தை முதலில் அங்கே கூறிவிடுவது நன்று.