குறிப்பேடு இல்லாத ஒரு மணி நேரம்



பத்தாம் ஆண்டு விழாவில் உளவியல் மாணவரின் பயிற்சி ஒன்றைப் பற்றிப் பேச இசைவு தந்தமைக்கு நன்றி. காண்பதற்கும் சொல்வதற்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றியது என்பதால், இப்பொருள் உங்களுக்கு அயலானதன்று.

1948ஆம் ஆண்டு இலண்டன் டாவிஸ்டாக் மருத்துவ நிலையத்தில், குழந்தை உளமருத்துவம் பயில வந்தோர்க்காக எஸ்தர் பிக் என்னும் அம்மையார் இப்பயிற்சியைத் தொடங்கினார். குழந்தை பிறந்த வீடொன்றுக்கு மாணவர் வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம் சென்று வரவேண்டும். குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை. அங்கே அவர் மருத்துவர் அல்லர். அறிவுரை கூறுதல் ஆகாது. குறிப்பேடும் கூடாது. திரும்பி வந்தபின் நினைவிலிருந்து எழுதிச் சிறு குழுவில் படிக்க வேண்டும். அவ்வளவுதான். 1960இல் பிரித்தானிய உளப்பகுப்பாய்வுக் கழகத்தின் பயிற்சியிலும் இது சேர்ந்தது.

கேட்க எளிது. குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் சமையலறையிலிருந்து உடனே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாணவரின் கை தொட்டிலை நோக்கித் துடிக்கிறது. ஒரு நிமிடம் ஒரு யுகமாகிறது. தாயின்மேல் சினம் மூள்கிறது. அச்சினம் யாருடையது? பசித்த குழந்தையுடையதா, என்றோ அழுது காத்திருந்த தம்முடையதா? இக்கேள்வி எழும் இடத்தில்தான் படிப்பு தொடங்குகிறது என்பேன். பார்ப்பவருக்குள் எழும் இக்கொந்தளிப்பை, 1964இல் வெளிவந்த தம் கட்டுரையில் பிக் அம்மையாரும் மறைக்கவில்லை.

அடுத்த சோதனை மொழி. "தாய் அன்போடு தூக்கினாள்" என்று மாணவர் படித்தால், குழு விடாது. அன்பை எங்கே கண்டீர்? கை கழுத்தைத் தாங்கியதா? குழந்தையின் விரல்கள் விரிந்தனவா, மூடினவா? 'அன்போடு' என்ற சொல் அப்போது உதிர்ந்துபோகும். எத்தனையோ கவியரங்குகளில் உதிராமல் தப்பிய சொல் அது!

இவ்வாறு பார்த்ததன் விளைச்சல் சிறிதன்று. பச்சிளங் குழந்தை தான் சிதறிப்போகாமல் தன்னைக் கூட்டி நிறுத்த ஓர் ஒளியையோ குரலையோ மணத்தையோ பற்றிக்கொள்கிறது என்று, தோலின் அனுபவம் பற்றி 1968இல் எழுதிய சிறு கட்டுரையில் அம்மையார் கூறினார். விளக்கையே வெறித்திருக்கும் குழந்தையை நாமும் கண்டிருக்கிறோம். வேடிக்கை பார்க்கிறது என்று சொல்லிக் கடந்துவிட்டோம்.

எனக்கு ஓர் ஐயமும் உண்டு. மெலனி கிளைனின் கோட்பாட்டில் ஊறிய குழு, கோட்பாடு சொல்வதையே தொட்டிலிலும் கண்டுவிடக் கூடும். அவசரப்பட்டுப் பொருள் கூறாதிருத்தலே இதற்குக் காப்பு. அது எல்லோர்க்கும் கைவருவதில்லை. இன்னொன்று: அயலார் ஒருவரை, தன் தூக்கங்கெட்ட நாள்களில், வாரந்தோறும் வீட்டுக்குள் விடுகிறாளே, அந்தத் தாய்! மாணவர் கற்பதெல்லாம் அவள் கொடை.

நம் பிள்ளைத்தமிழ், குழந்தையின் மூன்றாம் திங்களில் காப்புப் பருவத்தோடு தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரை செல்வது மரபு. அதற்கு முந்திய நாள்களுக்குப் பருவப் பெயர் இல்லை. மாணவர் தம் முதல் பக்கத்தை எழுதுவது அந்த நாள்களில்தான்.