தேடிச் சென்றால்தான் அகப்படும் நோய்

கோலார் தங்கவயல், ராபர்ட்சன்பேட்டையில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரை



தங்கவயல் தொழிலாளிக்கு மருத்துவப் பரிசோதனை புதிதல்ல. மைசூர் சமஸ்தானத்தில் 1940ஆம் ஆண்டிலேயே சிலிகோசிஸ் விதிகள் வந்தன. அதையடுத்த ஆண்டுகளில் சுரங்கத் தொழிலாளர் ஏழாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் பரிசோதிக்கப்பட்டனர். ஐந்தில் இருவருக்கு மேல் நுரையீரலில் கல்தூசி நோய் கண்டிருந்தது. இருமிக்கொண்டு வந்தவரை மட்டும் பார்த்திருந்தால் இந்தக் கணக்கு வெளியே வந்திராது. தேடியதால் கிடைத்த கணக்கு அது. ஆனால் கண்டுபிடித்து என்ன பயன்? தூசி படிந்த நுரையீரலை எந்த மருந்தாலும் பழையபடி ஆக்க முடியாது. நட்ட ஈட்டுக்காகப் போராடுவதுதான் மிஞ்சியது.

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயின் கதை இதற்கு நேர்மாறானது. பெரும்பாலும் அது குடலின் உட்சுவரில் ஒரு சிறு சதைமுளையாகத் தொடங்குகிறது. பாலிப் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். எல்லா முளையும் புற்றாவதில்லை. புற்றாகும் முளைக்கும் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்குக் காலம் பிடிக்கிறது. அதற்குள் குடல் உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி அந்த முளையைக் கண்ணியால் அறுத்தெடுத்துவிட்டால், அதிலிருந்து வரவிருந்த நோய் வராமலே போகிறது. தேடுவதே சிகிச்சையாகவும் தடுப்பாகவும் ஆகும் நோய்கள் சில உண்டு. அவற்றில் இது ஒன்று.

2022இல் உலகம் முழுவதும் சுமார் 19 லட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 9 லட்சம் பேர் மாண்டனர். இந்தியாவில் புதிய நோயாளிகள் ஏறத்தாழ 70,000 பேர். செல்வ நாடுகளோடு ஒப்பிட்டால் மக்கள்தொகைக்கு இது குறைந்த விகிதமே. ஆனால் அங்கே பிழைப்பவர்கள் அதிகம், இங்கே குறைவு. காரணம், இங்கே நோயாளி மருத்துவரிடம் வரும்போது நோய் முற்றியிருக்கிறது.

ஏன் முற்றுகிறது? மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவு செய்வது நம் மக்களின் வழக்கம். பேருந்து நிலையச் சுவர்தோறும் மூலம், பௌத்திரம் குணமாகும் என்ற விளம்பரம் இருக்கிறது. அங்கே போய்ப் பணத்தைக் கொட்டி ஓராண்டை இழந்தபின் பெரிய மருத்துவமனை. பெண்கள் வெட்கத்தால் சொல்வதேயில்லை. தங்கவயலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறிப் பெங்களூரில் ஒப்பந்த வேலை செய்து இரவில் வீடு திரும்புகிறவருக்கு, மருத்துவமனைக்குப் போகும் நாள் கூலி இழக்கும் நாள். குடல் பரிசோதனைக்கோ ஒரு நாள் போதாது. முதல் நாளே பேதி மருந்து குடித்துக் குடலைக் காலி செய்ய வேண்டும். ஐம்பது கடந்த ஆணுக்குக் காரணமின்றி இரத்தசோகை வந்தால், சத்து மாத்திரையோடு அனுப்பிவிடாமல் குடலைப் பார்க்க வேண்டும் என்பது மருத்துவப் பாடம். கையுறை அணிந்து விரலால் மலக்குடலைத் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு காசும் செலவில்லை. நெரிசலான புறநோயாளர் பிரிவுகளில் அதுகூட விட்டுப்போகிறது.

புதிய கண்டறிமுறைகளைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதுகின்றன. இரத்தத்தில் மிதக்கும் புற்றுநோய் மரபணுத் துணுக்குகளைக் கண்டுபிடிக்கும் ஒரு பரிசோதனைக்கு 2024 ஜூலையில் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. முற்றிய புற்றுநோயும் தொடக்கநிலைப் புற்றுநோயும் சேர்ந்து நூற்றுக்கு 83ஐ அது கண்டுபிடித்தது. புற்றாக மாறக்கூடிய பெரிய முளைகளிலோ நூற்றுக்கு 13ஐத்தான் கண்டது. அதாவது, நோயைத் தடுக்கத் தேவையானதை அது பெரும்பாலும் தவறவிடுகிறது. விலையும் எட்டாதது. இதைவிட எளியது மலத்தில் மறைந்துள்ள மனித இரத்தத்தைக் காட்டும் நோயெதிர்ப்பு முறைப் பரிசோதனை. வீட்டிலேயே ஒரு குச்சியில் சிறிதளவு எடுத்துக் குப்பியில் போட்டுக் கொடுத்தால் போதும். பழைய முறையைப் போல முன்னதாக இறைச்சியைத் தவிர்க்க வேண்டியதும் இல்லை. இரத்தம் காட்டினால் மட்டுமே உள்நோக்கிப் பரிசோதனை.

தாய்லாந்தின் லாம்பாங் மாநிலத்தில் 2011இல் 50 முதல் 65 வயதினருக்கு இம்முறையைச் சோதித்தார்கள். கிராம சுகாதாரப் பணியாளர்கள் வழியாகத்தான் குப்பி போயிற்று. அறுபது விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பங்கேற்றனர். இரத்தம் காட்டியவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. எனவே உள்நோக்கிக் கருவிக்கு முன் கூட்டம் முண்டியடிக்கவில்லை. ஏழை நாட்டுக்கு இது ஒத்துவராது என்பாருக்கு இதுவே பதில்.

இந்திய அரசு 2016இல் வகுத்த புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்றே உள்ளன. அவற்றுக்கு முதலிடம் தந்தது சரியே. பத்தாண்டாகியும் குடல் சேராமல் இருப்பதுதான் கேள்வி. எல்லை தாண்டினால் கிருஷ்ணகிரி மாவட்டம். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் அங்கே சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கியது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடிப் போக முடிகிறதென்றால் ஒரு குப்பி அதிகப் பாரமாகாது.

சிகிச்சையிலும் பெரிய மாற்றங்கள் நடந்துள்ளன. மலக்குடல் புற்று என்றால் குடலை வெட்டி வயிற்றில் பை மாட்டுவதுதான் வழி என்றிருந்த காலம் மாறுகிறது. கதிர்வீச்சும் மருந்தும் முதலில் கொடுத்து, கட்டி முழுதும் மறைந்தால் அறுவை செய்யாமல் உன்னிப்பாகக் கண்காணிக்கும் முறையை பிரேசிலின் சாவோ பாவ்லோ மருத்துவர்கள் முன்னெடுத்தனர். 2022இல் நியூயார்க்கில் ஒரு குறிப்பிட்ட மரபணுக் குறைபாடு கொண்ட மலக்குடல் புற்றுநோயாளிகள் 12 பேருக்கு நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுத்தார்கள். 12 பேருக்கும் கட்டி மறைந்தது. ஆனால் நூறு மலக்குடல் நோயாளிகளில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் இந்த வகை. மருந்தின் விலையோ லட்சங்களில்.

விலை இயற்கை விதி அன்று. 2012 மார்ச்சில் பேயர் நிறுவனத்தின் காப்புரிமையை மீறி, கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய் மருந்து ஒன்றைத் தயாரிக்க ஹைதராபாத்தின் நாட்கோவுக்குக் கட்டாய உரிமம் தரப்பட்டது. மாதத்துக்கு 2,80,000 ரூபாயாக இருந்த செலவு 8,800 ரூபாய் அளவுக்கு இறங்கியது. அதன் பிறகு எந்த அரசும் அந்தச் சட்டப் பிரிவைப் புற்றுநோய்க்காகத் தொடத் துணியவில்லை. மும்பை டாடா நினைவு மருத்துவமனை வேறு வழி கண்டது. தலை, கழுத்துப் புற்றுநோயில் நோயெதிர்ப்பு மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, வெறும் 20 மில்லிகிராம் கொடுத்தே ஆயுளை நீட்டிக் காட்டியது. கம்பெனிகள் இத்தகைய ஆய்வுக்குப் பணம் தரமாட்டா.

2025இல் வெளியான ஓர் ஆய்வு பணமற்றவருக்கும் பயன்படும். பெருங்குடல் அறுவையும் மருந்தும் முடிந்த 889 பேரில் ஒரு பாதியினருக்கு மூன்றாண்டு முறையான உடற்பயிற்சி வழிகாட்டப்பட்டது. எட்டாண்டுக்குப் பின் அவர்களில் நூற்றுக்கு 90 பேரும், துண்டறிக்கை மட்டும் பெற்றவர்களில் 83 பேரும் உயிரோடிருந்தனர்.

தடுப்பு என்றதும் உணவுப் பேச்சு வரும். பதப்படுத்திய இறைச்சி குடல் புற்றுக்குக் காரணமாகும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் முகமை 2015இல் வகைப்படுத்தியது. சிவப்பிறைச்சி அநேகமாகக் காரணமாகலாம் என்றது. இது அளவைப் பற்றிய எச்சரிக்கை. மாட்டிறைச்சி உண்பவரை இழிவுபடுத்தக் காத்திருக்கும் கூட்டத்துக்கு இதில் இடமில்லை. அவர்களைக் கண்டு விஞ்ஞானத்தை மறைக்கவும் தேவையில்லை. மதுவும் புகையும் இதே நோய்க்கு இட்டுச் செல்வதைக் கட்சிக் கிளைகளில் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. சுரங்க நிர்வாகம் நடத்திய மருத்துவமனையும் அத்தோடு முடிந்தது. இன்று புற்றுநோய் என்றால் பெங்களூர் கித்வாய் நிலையம்தான். 2024 ஜூனில் 13 கழிவு மேடுகளில் மிஞ்சிய தங்கத்தை எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அந்த மண்ணை மேலே கொண்டுவந்தவர்களின் குடும்பங்கள் அதில் பங்கு கேட்க உரிமையுடையவை. தங்கவயல் அரசு மருத்துவமனைக்கு ஓர் உள்நோக்கிக் கருவி, அதை இயக்கும் நிரந்தர மருத்துவர், பரிசோதனைக்குக் கூலியோடு இரண்டு நாள் விடுப்பு ஆகியவை மனுவில் இடம்பெற வேண்டும். ஐம்பது கடந்தவருக்கான குப்பிகளைப் பகலில் ஆளில்லாத லைன் வீடுகளில் கொடுத்துப் பயனில்லை. மாரிக்குப்பம், சாம்பியன், கோரமண்டல், உரிகம் நிலையங்களில், காலை வண்டி புறப்படுமுன் கொடுக்க வேண்டும். இரவு வண்டியில் இறங்கும்போது அங்கேயே திரும்பப் பெற வேண்டும்.