கில்டு உறுப்பினர், சந்தா மாசம் 5 தங்கம்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்ல கேரக்டருக்கு ஒரு பேக்ரவுண்ட் எடுக்கச் சொல்றாங்களே, அது ரூலா, இல்ல சும்மா கதையா?

எங்க டேபிள்ல நடந்த ஒரு சண்டையைச் சொல்றேன். தப்பு என் மேலதான், அதையும் முதல்லயே சொல்லிடறேன்.

நாங்க அஞ்சு பேர். ஒரகடத்துல என் ரூம்லதான் ஆட்டம். நான் டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துறவன். மத்த நாலு பேர்ல ரெண்டு பேர் ஐ.டி., ஒருத்தன் காலேஜ். நாலாவது ஆள் என் ஸ்கூல் ஃப்ரெண்ட், டிப்ளமோ முடிச்சிட்டு இங்க ஒரு கம்பெனியில லைன்ல நிக்கிறான். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல இறங்கி நேரா ரூமுக்கு வருவான், டீயைக் குடிச்சிட்டு பகடையை எடுப்பான். ஞாயித்துக்கிழமை காலையில எட்டு மணிக்கு ஆட்டம் நடக்குறது உலகத்துலயே எங்க டேபிள் ஒண்ணுலதான் இருக்கும்னு நினைக்கிறேன். [சிரிப்பு]

அப்போ நாங்க ஆடினது 2014-ல வந்த ஐந்தாம் பதிப்பு. அதுல மொத்தம் 13 பேக்ரவுண்ட். துறவி, சிப்பாய், மாலுமி, தெருப்பிள்ளை, இப்படி. ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்கில், கொஞ்சம் பொருள், அப்புறம் 'ஃபீச்சர்'னு ஒரு பத்தி. ஸ்கில்லோட கணக்கு நேரடியானது: இருபது முகப் பகடையை உருட்டு, உன் போனஸைக் கூட்டு, இலக்கு எண்ணை எட்டினா ஜெயிச்ச. ஃபீச்சர் அப்படி இல்ல. அதுல நம்பரே இருக்காது. உன் கேரக்டருக்கு இந்த உலகத்துல என்ன கிடைக்கும்னு மட்டும் எழுதியிருக்கும். நிறைய டி.எம்.கள் அதைப் படிக்கக்கூட மாட்டாங்க. நானும் படிக்கல.

என் ஃப்ரெண்ட் எடுத்தது ட்வார்ஃப் கொல்லன், பேக்ரவுண்ட் 'கில்டு ஆர்ட்டிசன்'. கைவினைஞர் சங்கத்து ஆள். அந்த ஃபீச்சர் என்ன சொல்லுதுன்னா, தேவைப்பட்டா சங்கத்துக்காரங்க தங்க இடமும் சாப்பாடும் தருவாங்க. செத்தா ஈமச்செலவு அவங்களோடது. உன் மேல குற்றம் சுமத்தினா, உன் பக்கம் நியாயம் இருக்குன்னு காட்ட முடிஞ்சா சங்கம் உனக்காக நிக்கும். பதிலுக்கு மாசம் 5 தங்கம் சந்தா. இந்த பேக்ரவுண்டுல ஆரம்பத்துல கையில இருக்கிறதே 15 தங்கம்தான்! அதோட சங்கம் கொடுத்த அறிமுகக் கடிதம் ஒண்ணு.

சந்தாவை நான் கரெக்டா கழிச்சேன். கதையில மாசம் திரும்பும்போதெல்லாம் "மச்சான், அஞ்சு எடு". மூணு மாசம். ஸ்பிரெட்ஷீட்ல ஃபார்முலாவே போட்டு வச்சிருந்தேன், இன்ஜினியர் புத்தி.

அப்புறம் ஒரு ஊர்ல காவலர்கள் அவன் கேரக்டரைத் திருட்டுக் கேஸ்ல பிடிச்சாங்க. பொய்க் கேஸ். நான் ரெண்டு நாள் உட்கார்ந்து ஒரு ஜெயில் மேப் வரைஞ்சு வச்சிருந்தேன், தப்பிச்சுப் போற சீனுக்கு. இவன் என்னடான்னா, "கடிதத்தைக் காட்டுறேன். சங்கத்துக்குச் சொல்லி அனுப்புங்க"ன்னுட்டான்.

என் மேப் வீணாகுது இல்ல? நான் சொன்னேன், "சரி, பெர்சுவேஷன் உருட்டு. 15 வரணும்."

"இதுக்கு எதுக்குடா உருட்டணும்? ஷீட்ல எழுதியிருக்கே."

"அதெல்லாம் ஃப்ளேவர் மச்சான். கதைக்காகப் போட்டது."

உருட்டினான். பகடையில மூணு. போனஸோட சேர்த்தும் ஒண்ணும் நடக்கல.

அவன் கத்தல. ஷீட்டை என் பக்கம் திருப்பி வச்சான். "சந்தா பிடிக்கும்போது ரூலு, நான் கேக்கும்போது கதையா?"ன்னு கேட்டான். அன்னிக்கு ஆட்டம் அதோட முடிஞ்சுது.

அடுத்த வாரம் அவன் வரல. நான் போன் பண்ணேன். கேமைப் பத்திப் பேசாம வேலையைப் பத்திப் பேசினான். மூணு வருஷமா 'ட்ரெய்னி'. பக்கத்துல நிக்கிற பெர்மனென்ட் ஆள் முடுக்குற அதே போல்ட்டைத்தான் இவனும் முடுக்குறான். சேரும்போது வாயால சொன்னது எதுவும் தாள்ல இல்ல. "தாள்ல எழுதினது ஒரு இடத்துல இருந்துச்சுடா, அங்கயும் என்னை உருட்டச் சொல்லிட்ட"ன்னான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.

அதுக்கப்புறம்தான் அந்தப் பத்தியை முழுசாப் படிச்சேன். எங்கயும் 'உருட்டு'ன்னு இல்ல. அந்த சீனை மறுபடி ஆடினோம். சங்கத்து ஆள் வந்தார், நியாயம் இருக்கான்னு விசாரிச்சார், ஜாமீன்ல எடுத்தார். சொன்னா நம்புங்க, என் ஜெயில் மேப்பை விட அந்த விசாரணை சீன் நல்லா இருந்துச்சு. நான் ஒண்ணுமே தயார் பண்ணல.

இது நடந்த வருஷம் 2024. செப்டம்பர் 9-ஆம் தேதி சுங்குவார்சத்திரத்துல சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் ஆரம்பிச்சாங்க, 37 நாள் நடந்துச்சு. முக்கியமான கோரிக்கை சம்பளம் மட்டும் இல்ல, சங்கத்தை அங்கீகரிக்கணும்ங்கிறது. 2025 ஜனவரியிலதான் அந்தச் சங்கம் பதிவாச்சு. இந்தப் பக்கம், அதே செப்டம்பர் 17-ஆம் தேதி டி அண்டு டி-யோட புது பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வந்துச்சு. அதுல கில்டு ஆர்ட்டிசன் வெறும் 'ஆர்ட்டிசன்' ஆயிடுச்சு. சங்கம் போச்சு, சந்தா போச்சு, ஃபீச்சர்ங்கிற பகுதியே மொத்தமாப் போச்சு. பதிலுக்குக் கிடைக்கிற 'கிராஃப்டர்' ஃபீட்ல மாயமில்லாத பொருள் வாங்கும்போது 20 சதவீதம் தள்ளுபடி. தீபாவளி ஆஃபர்தான், வேற என்ன. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, தற்செயல்தான். ஆனா என் ஃப்ரெண்டுகிட்ட அதைச் சொல்லிப் பாருங்க.

நியாயமாச் சொல்லணும்னா, புது புக் ஒரு பெரிய விஷயத்தைச் சரி பண்ணியிருக்கு. முன்னாடி வலு, அறிவு இதுக்கெல்லாம் கூடுதல் பாயின்ட் பிறப்பை வச்சு வரும். ட்வார்ஃபா பிறந்தா உடல் உறுதி +2, எல்ஃபா பிறந்தா சுறுசுறுப்பு +2. 2020-ல ஒரு துணைப் புத்தகத்துல அதை விருப்பம்போல மாத்திக்கலாம்னாங்க. இப்போ அது முழுசா பேக்ரவுண்டுக்கே வந்துடுச்சு. நீ என்ன வேலை பார்த்தியோ அதுதான் உன் உடம்பை உருவாக்குது. பிறப்பால குணம்ங்கிற ரூலை நம்ம ஊர்ல உட்கார்ந்து ஆடும்போது எனக்கு எப்பவுமே உறுத்தும். அது போனதுல சந்தோஷம்தான்.

அதனால எங்க டேபிள்ல ரெண்டையும் கலந்துட்டோம். பழைய பேக்ரவுண்டை அப்படியே வச்சுக்கிட்டு, பாயின்ட்டையும் ஒரு ஃபீட்டையும் சேர்த்துக்கலாம்னு புது புக்லயே வழி கொடுத்திருக்காங்க. பழைய ஃபீச்சரை விடமாட்டேன்னு அவன் ஒத்தக் கால்ல நின்னான். நானும் பேசல.

இப்போ கதையில எல்லாரும் மலைக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்காங்க, ஊர்ப்பக்கம் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. நான் கேக்கவே இல்ல, அவனே ஷீட் ஓரத்துல பென்சில்ல எழுதி வச்சிருக்கான்: சந்தா பாக்கி 10.