வகுப்பறையில் அறியாவினாவுக்கு இடம்



கற்பித்தலிலும் கற்றலிலும் வினாவின் பங்கை ஆராயக் கூடியிருக்கும் இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பை அளித்த அமைப்புக் குழுவினருக்கு என் நன்றி. கட்டுரை வாசிக்க வந்திருக்கும் பள்ளி ஆசிரியர்களையும் ஆய்வாளர்களையும், பின் வரிசைகளில் அமர்ந்திருக்கும் பி.எட். மாணவ மாணவியரையும் அன்புடன் வரவேற்கிறேன். இன்று நான் சொல்ல இருப்பதில் பெரும்பகுதி அந்தப் பின் வரிசைகளுக்குத்தான்.

வினாவைப் பற்றிச் சிந்திக்க நாம் வெளியே போய்த் தொடங்க வேண்டியதில்லை. வினாவும் விடையும் வழுவின்றி அமைய வேண்டும் என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதல் இயலிலேயே சொல்லிவிட்டார். ஒரு வினாவுக்கு எதிர் வினாவே விடையாக வரலாம் என்பதையும் அவர் ஏற்றுக்கொண்டார். பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என ஆறாக வகுத்தார். முதல் இரண்டுக்கும் வகுப்பில் நாம் சொல்லும் எடுத்துக்காட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டின் பொருள் என்ன என்று ஆசிரியர் மாணவரைக் கேட்டால் அது அறிவினா. அதே கேள்வியை மாணவர் ஆசிரியரைக் கேட்டால் அறியாவினா. தலைமுறை தலைமுறையாக இந்த எடுத்துக்காட்டைச் சொல்லிவருகிறோம். ஆனால் நம் வகுப்பறைகளில் முதல் வகைதான் நாள் முழுவதும் ஒலிக்கிறது. இரண்டாவது வகை அபூர்வமாகிவிட்டது. இந்த ஏற்றத்தாழ்வுதான் இன்று நாம் பேச வேண்டிய பொருள் என்பது என் கருத்து.

நன்னூலின் பாயிரம் மாணவனின் கடமைகளை அடுக்குகிறது. பாடத்தைப் போற்றுதல், கேட்டதைச் சிந்தித்தல் ஆகியவற்றோடு வினவுவதும் வினவியதற்கு விடை தருவதும் அங்கே சமமாக நிற்கின்றன. கேள்வி கேட்பது மாணவனுக்கு ஆசிரியர் போனால் போகிறதென்று தரும் சலுகை அன்று. அது அவன் கடன்.

அறிவினாவே வகுப்பை ஆளும் நிலை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கப் பள்ளி வகுப்புகளை ஆராய்ந்து ரோமியட் ஸ்டீவன்ஸ் 1912இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆசிரியர்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 400 வினாக்கள் கேட்கிறார்கள் என்றும், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு நினைவில் இருப்பதை ஒப்பிக்கச் சொல்பவை என்றும் அவர் கண்டார். ஆசிரியர் கேட்பார், மாணவர் சொல்வார், ஆசிரியர் சரி அல்லது தவறு என்பார். இந்த மூன்று படிகளில் வகுப்புப் பேச்சு சுழல்வதை ஹியூ மெஹன் 1979இல் விரிவாகப் பதிவு செய்தார். நம் வகுப்புகளில் இது இன்னும் சுருங்கிவிடுகிறது. இலைக்குப் பச்சை நிறம் தருவது ‘பச்சை...’ என்று ஆசிரியர் இழுப்பார். ஐம்பது குரல்கள் சேர்ந்து ‘யம்’ என்று முடிக்கும். எல்லாருக்கும் தெரியும் என்று ஆசிரியர் மேலே போய்விடுவார். அந்த ஐம்பது பேரில் எத்தனை பேர் பக்கத்தில் இருப்பவரின் வாயைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதை அறிய அந்த வினாவில் வழியே இல்லை.

அடுத்து நேரம். மேரி பட் ரோவ் என்ற அறிவியல் கல்வி ஆய்வாளர் வகுப்பு ஒலிப்பதிவுகளைக் கேட்டு அளந்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் காத்திருந்தது பெரும்பாலும் ஒரு நொடி. அதற்குள் விடை வராவிட்டால் வேறொருவரைக் கேட்டார்கள், அல்லது தாங்களே சொல்லிவிட்டார்கள். அதை மூன்று நொடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, காரணத்தோடு வந்தன. விடையின்றி நிற்பது குறைந்தது. வாய் திறக்காதவர்கள் பேசினார்கள். மாணவர்கள் தாங்களாகக் கேட்கும் வினாக்கள் கூடின. மந்தமானவர் என்று முத்திரை குத்தப்பட்ட மாணவர்களைப் பற்றி ஆசிரியர்கள் வைத்திருந்த எண்ணமும் மாறியது. மாணவர் விடை சொல்லி முடித்த பின்னும் அதே அளவு காத்திருக்க வேண்டும் என்று ரோவ் வலியுறுத்தினார். அந்த இரண்டாவது இடைவெளியில்தான் மாணவர் தன் விடையைத் தானே திருத்துகிறார்.

இங்கே நம் பயிற்சிக் கல்லூரிகளை நான் குறை சொல்லியாக வேண்டும். நுண்ணிலைக் கற்பித்தலில், அதாவது சில நிமிடப் பாடம் நடத்திப் பழகும் பயிற்சியில், சரளமாக வினாக் கேட்டலை ஒரு திறனாகப் பயிற்றுகிறோம். அதை எப்படி அளக்கிறோம்? குறித்த நேரத்துக்குள் பொருளுள்ள வினாக்கள் எத்தனை கேட்கப்பட்டன என்று எண்ணுகிறோம். சில நிமிடப் பாடத்தில் அதிக வினா கேட்டவருக்கு அதிக மதிப்பெண். காத்திருக்கும் மாணவ ஆசிரியர் இந்த அளவுகோலில் தோற்றுப்போவார். அவசரத்தை நாமே கற்றுக்கொடுத்து அனுப்பிவிட்டு, வகுப்பில் பிள்ளைகள் சிந்திப்பதில்லை என்று வருந்துவது நியாயமில்லை.

நல்ல வினா என்று எதைச் சொல்கிறேன் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேளுங்கள்; பாடநூல் வரி அப்படியே வரும். அதே மாணவரிடம் வேறு மாதிரி கேட்டுப் பாருங்கள்: பள்ளி முற்றத்து வேப்பமரம் ஒரு காலத்தில் கையில் அடங்கும் கன்றாக இருந்தது, இத்தனை எடை அதற்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலோர் மண்ணிலிருந்து என்பார்கள். உடனே தவறு என்று சொல்லிவிடாதீர்கள். அப்படியானால் மரத்தடியில் பெரும் பள்ளம் விழுந்திருக்க வேண்டுமே என்று கேளுங்கள். விடைக்கு மறுமொழியாக வரும் இதுவும் தொல்காப்பியர் ஏற்ற எதிர் வினாவைப் போன்றதே. வகுப்பு ஒரு நிமிடம் திகைக்கும். பிறகு ஒருவர் தண்ணீர் என்பார்.

அப்போது வான் ஹெல்மான்ட்டின் கதையைச் சொல்லலாம். இன்றைய பெல்ஜியம் நாட்டுப் பகுதியில் வாழ்ந்த அவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆயிற்று. மண் குறைந்தது ஏறத்தாழ இரண்டு அவுன்ஸ். எல்லாம் தண்ணீரால் வந்தது என்று அவர் முடிவுகட்டினார். இந்தச் சோதனை அவர் மறைவுக்குப் பின் 1648இல் அச்சேறியது. அவர் எதைக் கணக்கில் எடுக்கத் தவறினார் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். காற்று என்ற விடை மாணவரிடமிருந்தே வரும்போது, மரத்தின் உலர் எடையில் மிகப் பெரும்பகுதி கரியமில வாயுவிலிருந்து வந்தது என்பதை நீங்கள் விளக்கினால் போதும். அதை அவர்கள் மறக்க மாட்டார்கள். இதற்கு ஒரு பாடவேளை முழுவதும் போகலாம். போகட்டும். அந்த ஒரு பாடவேளையை நான் வீண் என்று கருத மாட்டேன்.

பாடத்தை முடிக்க வேண்டும், ஐம்பது பேர் இருக்கிறார்கள், தேர்வு வருகிறது என்பவை உண்மையான நெருக்கடிகள். ஒரு மதிப்பெண் வினா, குறுவினா, சிறுவினா, நெடுவினா என்று விடையின் நீளத்தையும் மதிப்பெண்ணையும் வைத்து வகுத்த வினாத்தாள் தேடும் விடை நோட்ஸில் கிடைக்கும் வரை, ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. வினாத்தாள் அமைப்பவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும்.

ஆனால் ஆசிரியர் கையில் மட்டுமே உள்ள ஒன்று இருக்கிறது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கும் துணிவு அது. உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர். அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சாமிநாதையர் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கேட்டறிந்தபின், சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்டார். படித்ததில்லை என்பதே விடை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவருக்கு அது எளிதான விடை அன்று. பின்பு அந்தச் சமணக் காப்பியத்தைப் படிக்கத் தொடங்கி, அதிலுள்ள சமயச் செய்திகள் விளங்காதபோது, அவ்வூர்ச் சமணர்களிடம் சென்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெளிந்தார். கல்லூரியில் பாடம் சொல்லிய அதே காலத்தில் அவர் சமணர் வீட்டில் மாணவராக உட்கார்ந்து கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. முன்சீப் கேட்டது அந்த நூலைத் தேடிப் படிக்கத் தூண்டிய வினா. சாமிநாதையர் கேட்டவை முழுக்க அறியாவினாக்கள். இரண்டும் சேர்ந்துதான் அந்தப் பதிப்பு நமக்குக் கிடைத்தது.

ஆகவே மூன்று கோரிக்கைகளை இந்த அவையின் முன் வைக்கிறேன். கட்டுரையாளர்கள் கொள்கை விளக்கத்தைச் சுருக்கி, வகுப்பில் கேட்ட வினாவையும் மாணவர் சொன்ன விடையையும் அவர் சொன்ன சொற்களிலேயே எடுத்துக்காட்டுங்கள். தவறான விடைகளை விட்டுவிடாதீர்கள். பயிற்சிக் கல்லூரிகள் வினாக்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் இடுவதை நிறுத்திவிட்டு, காத்திருத்தலுக்கும் அடுத்த வினாவுக்கும் இடட்டும். பாடக்குறிப்பேட்டில் ஆசிரியர் கேட்க இருப்பவற்றுக்குப் பத்தி இருப்பதுபோல, அன்று மாணவர் கேட்டவற்றை எழுத ஒரு பத்தி சேர்க்கப்படட்டும். அந்தப் பத்தி பல நாள் வெறுமையாகக் கிடந்தால், அதையே அடுத்த கருத்தரங்குக்குக் கொண்டுவாருங்கள்.

இந்தச் சொற்களோடு கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். ஒவ்வொரு கட்டுரைக்குப் பிறகும் முதல் வினாவைப் பின் வரிசையில் இருக்கும் பி.எட். மாணவர்கள் கேட்கட்டும்; அவர்கள் எழுந்து நிற்கும் வரை அமர்வுத் தலைவர்கள் பொறுத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.