பொற்றாளமும் கேளாச் செவியும்

(திருக்கோலக்காத் திருக்கோயில் விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



இத்தலத்தின் வரலாறு நீங்கள் அறியாதது அன்று. சீகாழித் திருக்குளக்கரையில் ஞானப்பாலுண்ட பிள்ளையார் அடுத்து எழுந்தருளிய தலம் இது. மூன்றாண்டுக் குழந்தை, கையால் தாளமிட்டுக்கொண்டு பாடுகிறார். பிஞ்சுக் கை சிவந்து போகுமே என்று இறைவன் திருவுளம் இரங்குகிறான். ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளத்தை அருளுகிறான். வெண்கலத்தைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். பொன்னைத் தட்டினால் அந்த ஒலி எழுமா? எழாது. அதனால் அம்மை அத்தாளத்துக்கு ஓசை கொடுத்தாள் என்று தலவரலாறு கூறுகிறது. அதனால்தான் அவளுக்கு ஓசைகொடுத்த நாயகி என்று திருப்பெயர்.

இந்த வரலாற்றை அடியேன் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஆயினும் ஒரு கேள்வியை நான் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஓசை எங்கே இருக்கிறது? தாளத்திலா? தட்டும் கையிலா? கேட்கும் காதிலா? இந்தக் கேள்வி நூலைப் படித்து எழவில்லை. என் காது பழுதுபட்டபோது எழுந்தது.

ஆம், அன்பர்களே, உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. சில ஆண்டுகளாக அடியேனுக்குச் செவிப்புலன் குறைந்து வருகிறது. ஒரு திருக்கோயிலில் சொற்பொழிவுக்கு முன் ஓதுவார் திருப்பதிகம் விண்ணப்பித்துக் கொண்டிருந்தார். மெல்லிய குரலில் அவர் பாடிய கடைசிப் பகுதி என் காதில் விழவில்லை. பாட்டு முடிந்ததென்று எண்ணி நான் எழுந்து பேசத் தொடங்கிவிட்டேன். அவர் பாடிக்கொண்டிருக்கிறார், நான் பேசிக்கொண்டிருக்கிறேன். கூட்டத்தின் முகங்களைக் கண்ட பிறகே என் பிழை விளங்கிற்று. திருமுறையை இடைமறித்தேனே என்று அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. இனி மேடை ஏறுவதில்லை என்று முடிவு செய்தேன். முன்பே ஒப்புக்கொண்ட ஓர் அழைப்பு மட்டும் எஞ்சியிருந்தது.

ஜெர்மனி நாட்டில் ஹாம் என்னும் நகரில் காமாட்சியம்மைக்கு ஒரு திருக்கோயில் இருக்கிறது. ஈழத்திலிருந்து புலம்பெயர்ந்த அன்பர்கள் எடுத்த கோயில். 2002ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. அங்கே செல்லும் பேறு கிடைத்தது. தங்குவதற்கு இடமளித்த குடும்பத்து இளைஞர் ஒருவர் என் நிலையைக் கண்டு, சிறு குறிப்பேடு ஒன்றில் எழுதிக் காட்டியே என்னோடு பேசினார். ஒருநாள் அவர், “பான் நகரத்தில் ஒரு வீட்டை ஐயா பார்க்க வேணும்” என்று எழுதிக் காட்டி அழைத்துச் சென்றார்.

ரைன் ஆற்றங்கரையில் உள்ள நகரம் அது. மேலைநாட்டு இசையின் பெருமக்களுள் ஒருவராகிய லுட்விக் வான் பீத்தோவன் 1770ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிறந்த வீடு அங்கே இருக்கிறது. அவ்வீட்டை இடித்துவிட இருந்த நிலையில், 1889ஆம் ஆண்டில் அந்நகரத்தார் பன்னிருவர் ஒரு சங்கம் கூட்டி அதனைக் காப்பாற்றினர். 1893ஆம் ஆண்டில் அது நினைவில்லமாகத் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில், 1944ஆம் ஆண்டு, தீக்குண்டு ஒன்று அதன் கூரைமீது விழுந்தது. வீட்டைக் காத்து நின்றவர்கள் ஓடிச்சென்று தீயை அணைத்தார்கள். இசைவாணர் பிறந்த இடம் என்பதற்காக ஒரு சிறு வீட்டைப் போற்றிய அம்மக்களை மனத்தால் வணங்கினேன்.

தெருப்பக்கத்து வீட்டைக் கடந்தால் சிறு முற்றம்; பின்புறம் பழைய வீடு; குறுகிய மரப்படிகள். கூரையை ஒட்டினாற்போன்ற சிற்றறை ஒன்றையே அவர் பிறந்த அறை என்கிறார்கள். அரண்மனை அன்று, மாளிகை அன்று. அரசவைப் பாடகர் ஒருவரின் எளிய குடும்பம் குடியிருந்த இடம்.

அங்கே அவர் பத்து வயதுச் சிறுவனாக வாசித்த ஆர்கன் என்னும் இசைக்கருவியின் கட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. அந்நகரத்து மாதாகோயில் ஒன்றில், காலை ஆறு மணி வழிபாட்டில் அவர் அதனை வாசித்து வந்தாராம். கத்தோலிக்க சமயத்தில் பிறந்தவர்; நம் நெறியினர் அல்லர். ஆனாலும் விடியற்காலையில் இறைவன் முன்னிலையில் இசையால் பணிசெய்த பிள்ளை என்று கேட்டபோது, நம் கோயில்களில் திருப்பள்ளியெழுச்சி பாடும் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

அதன்பின் ஒரு கண்ணாடிப் பேழையின் முன் வந்து நின்றேன். நின்றவன் நகரவில்லை. உள்ளே பித்தளை நிறத்தில் நீண்ட குழாய்கள் சில இருந்தன. ஊதும் எக்காளமோ என்று முதலில் எண்ணினேன். ஊதுவதற்கு அல்ல, அன்பர்களே. காதில் வைத்துக் கேட்பதற்கு! மெல்ட்செல் என்ற கைவினைஞர் பீத்தோவனுக்காகச் செய்து கொடுத்த செவிக்குழல்கள் அவை. உலகத்துக்கு இசை வழங்கிய அப்பெருமகனுக்குக் காது கேளாமற் போயிற்று.

என் கை தானே எழுந்து என் காதுக்கருவியைத் தொட்டது. உடனிருந்த இளைஞர் அதைக் கண்டார். குறிப்பேட்டில் எழுதி நீட்டினார்: “ஐயா, இவரோடையும் ஆக்கள் இப்படி எழுதித்தான் கதைச்சவையாம்.” உண்மையே. 1818ஆம் ஆண்டு முதல் அவரைக் காண வந்தவர்கள் குறிப்பேடுகளில் எழுதிக் காட்டினார்கள்; அவர் பெரும்பாலும் வாயால் விடை சொன்னார். அக்குறிப்பேடுகளுள் பல இன்றும் காக்கப்பட்டு வருகின்றன.

அவருடைய துயரம் சிறியதன்று. முப்பது வயதை எட்டும் முன்பே செவி மங்கத் தொடங்கியது. 1802ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், வியன்னா நகரை அடுத்த ஹைலிகன்ஸ்டாட் என்ற சிற்றூரில் இருந்தபோது, தம் தம்பியருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதை அனுப்பவில்லை, அவர் மறைந்த பின்னரே அது கண்டெடுக்கப்பட்டது. தொலைவில் ஒலித்த குழலை அருகில் நின்றவர் கேட்க, தமக்கு ஒன்றும் கேட்கவில்லையே என்றும், இடையன் பாடுவதை மற்றவர் கேட்க, தாம் கேட்கவில்லையே என்றும் அதில் நொந்து எழுதியிருக்கிறார். உயிரையே விட்டுவிட எண்ணியதையும், தம் கலைதான் தம்மைத் தடுத்து நிறுத்தியதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

அதன்பின் ஆறாண்டுகள் சென்றன. 1808ஆம் ஆண்டில், நாட்டுப்புற வாழ்வைப் பொருளாகக் கொண்ட ஆறாம் சிம்பொனி என்னும் பேரிசையை அவர் நிறைவு செய்தார். அதில் ஓடையின் சலசலப்பு வருகிறது. குயிலினத்துப் பறவையும் காடையும் இராப்பாடியும் கூவுகின்றன. இடி இடித்து மழை ஓய்கிறது. பிறகு என்ன வருகிறது தெரியுமா? இடையனின் நன்றிப் பாட்டு வருகிறது! எந்த இடையன் பாட்டைக் காதால் கேட்க முடியவில்லை என்று அழுதாரோ, அந்த இடையனைத் தம் உள்ளத்திலிருந்து பாட வைத்தார். அவர் கைப்பட எழுதிய அந்த ஏடு அவ்வில்லத்தின் சேமிப்பில்தான் இருக்கிறது.

இன்னும் ஒரு செய்தி. 1824ஆம் ஆண்டு மே 7ஆம் நாள், ஒன்பதாம் சிம்பொனி வியன்னாவில் முதன்முறை அரங்கேறியது. அவையோர் கைதட்டி ஆரவாரித்தனர். அரங்கில் நின்ற பீத்தோவனோ அவைக்கு முதுகு காட்டியபடி நின்றார். ஆரவாரம் அவர் காதில் விழவில்லை. பாடிய பெண்மணிகளுள் ஒருவர் அவரைத் திருப்பிவிட்ட பிறகே அசையும் கைகளைக் கண்டு அவர் வணங்கினார் என்பர். இசையை அவர் உள்ளே கேட்டார். புகழை மட்டும் கேட்கவில்லை! நமக்கெல்லாம் இதற்கு நேர்மாறாக அல்லவா நிகழ்கிறது!

காது கேளாதவர் இசை அமைத்தது எவ்வாறு என்று நீங்கள் வியக்கலாம். நம் சித்தாந்த நூல்கள் இதற்கு விடை வைத்திருக்கின்றன. தத்துவங்கள் முப்பத்தாறு. அவற்றுள் செவி என்னும் பொறி, ஆன்ம தத்துவங்கள் இருபத்துநான்கனுள் ஒன்று. நாதமோ சிவ தத்துவங்களுள் ஒன்றாய், முப்பத்தாறுக்கும் முடியில் நிற்பது. வாயிற்காவலன் கண்ணயர்ந்தால் மாளிகைக்குள் இருக்கும் அரசன் இறந்துபட்டான் என்று சொல்வோமா?

மேலும் வாக்கு நால்வகைப்படும். சொல்பவன் செவிக்கும் கேட்பவன் செவிக்கும் புலனாவது வைகரி. வெளியே ஒலிக்காமல், எழுத்தும் சொல்லும் முறைப்பட உள்ளே நிற்பது மத்திமை. மயில்முட்டையின் நீரில் தோகையின் நிறங்களெல்லாம் அடங்கியிருப்பதுபோல வேறுபாடு தோன்றாமல் நிற்பது பைசந்தி. அதற்கும் மேலே ஒளியாய் நிற்பது சூக்குமை. செவி பழுதுபட்டால் இழப்பது வைகரி ஒன்றையே. மத்திமையில் வரிசைப்பட நின்ற இசையை எந்த நோயும் பீத்தோவனிடமிருந்து பறிக்கவில்லை. திருவைந்தெழுத்தை வாய்விட்டு ஓதுவதினும், தனக்கு மட்டும் கேட்க ஓதுவதினும், மனத்தால் எண்ணுவது சிறந்ததென்று ஆன்றோர் கூறியதன் உண்மையை நான் அங்கே கண்டேன்.

ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். அவருக்கு உள்ளே இருந்த இசை வெறுமனே முளைத்ததன்று. செவி நன்றாக இருந்த காலத்தில், அந்தக் காலை ஆறு மணிப் பணியில் தொடங்கி, ஆண்டுக்கணக்கில் கேட்டும் வாசித்தும் உள்ளே சேர்த்தது. சேர்த்து வைத்தவனுக்கே பஞ்சகாலத்தில் நெல் இருக்கும். அந்தச் சேமிப்பும் உயிரின் தனித் திறம் அன்று. உயிர் தானே அறியாது, அறிவிக்க அறியும். கண்ணுக்குக் கதிரவன் காட்டுவதுபோல, உயிருக்கு இறைவன் உடனின்று உணர்த்துகிறான். பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்தவள் யாரோ, அவளே செவிக்கும் கேள்வி கொடுக்கிறாள். செவி ஓய்ந்தபின் சிந்தையிலும் அவளே நின்று ஒலிக்கிறாள்.

அந்த வீட்டிலே பீத்தோவனின் கடைசிப் பியானோ இருக்கிறது. வியன்னாவில் கோன்ராட் கிராஃப் என்பவர் செய்தது. அவருக்குக் கேட்கும்படி ஒலி ஓங்க வேண்டுமென்று, ஒவ்வொரு சுரத்துக்கும் நான்கு தந்திகள் பூட்டிக் கொடுத்தாராம். அதைக் கண்டபோது திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் என் கண்முன் தோன்றினார்.

திருத்தருமபுரத்தில், யாழில் வாசிப்பதால்தான் பதிகம் சிறக்கிறது என்று சுற்றத்தார் சொன்ன சொல்லைப் பொறாத நாயனார், யாழில் அடங்காத பதிகம் ஒன்றை அருள வேண்டுமென்று பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையார் பாடினார். யாழ் தோற்றது. நாணமும் அச்சமும் மேலிட நாயனார் அதனை உடைப்பதற்கு ஓங்கினார். பிள்ளையார் தடுத்தார். கருவியை ஏன் உடைக்க வேண்டும்? இறைவன் புகழ் முழுவதும் ஒரு கருவியில் அடங்குமா? அடங்கிய அளவுக்கு வாசியும் என்று அருளிச்செய்தார். நாயனார் இறுதிவரை அந்த யாழோடு பிள்ளையாரைப் பிரியாமல் இருந்து, நல்லூர்ப் பெருமணத்தில் சோதியுள் கலந்தார்.

இந்த உடம்பும் ஒரு யாழ்தானே? 1802இல் அந்த இசைவாணர் உடைப்பதற்கு ஓங்கினார். பிறகு கையைத் தாழ்த்திக்கொண்டு, 1827ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள் வரை அடங்கிய அளவுக்கு வாசித்தார். அந்த அளவு எவ்வளவு பெரிதாயிற்று! அடியேனும் என் சிறிய யாழை உடைப்பதற்கு ஓங்கியவன்தான். பான் நகரத்துக் கண்ணாடிப் பேழையின் முன் பிள்ளையாரின் அருள்மொழி எனக்குக் கேட்டது. கேளாத காதுக்குக் கேட்டது.

ஆகவே முதிய அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். “ஓதுவார் பாடுவது கேட்கவில்லை, சொற்பொழிவு விளங்கவில்லை, கோயிலுக்கு வந்து என்ன பயன்?” என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். வாருங்கள். தெரிந்த பதிகத்தை உள்ளே பாடிக்கொண்டு அமருங்கள். பெற்றோர்களுக்கு ஒரு விண்ணப்பம். பிள்ளைகளின் செவி தெளிவாக இருக்கும்போதே அவர்களை ஓதுவாரிடம் அனுப்பி, பண்ணோடு பத்துப் பதிகமாவது பாடம் பண்ணச் செய்யுங்கள். அந்த நாட்டார் தம் இசைவாணர் பிறந்த வீட்டைக் காத்தார்கள். நாயனார் கையிலிருந்த யாழ் இன்று எந்தப் பேழையிலும் இல்லை. அவர் வாசித்த பதிகங்களுக்குக் காப்பிடம் நம்முடைய நாவும் நெஞ்சுமே.

இன்று மாலை ஓதுவார் திருப்பதிகத்தை நிறைவு செய்ததும் என்னை நோக்கிக் கையை உயர்த்திக் காட்டியதைச் சிலர் கண்டிருப்பீர்கள். முன்கூட்டியே நான் அவரிடம் வேண்டிக்கொண்ட அடையாளம் அது. அவர் பாடியதில் பாதிதான் என் காதில் விழுந்தது. மறுபாதியை, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் என் ஆசிரியர் பாடம் சொன்ன குரலில், உள்ளே கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் குறையவில்லை.

ஓசை கொடுத்தவள் எல்லார்க்கும் உள்ளோசையும் கொடுத்தருள்வாளாக.

திருச்சிற்றம்பலம்.