"இரட்டிப்பு" எங்கே போச்சு?



மேடைக்கு மேடை ஒரே சொல்லைத் திருப்பிச் சொன்னால், அந்த மூட்டையை நாம அவிழ்த்துப் பார்க்கணும்.

2016 பிப்ரவரியில் பிரதமர் மோடி பரேலியில் சொன்னார்: 2022-க்குள் விவசாயி வருமானம் இரட்டிப்பு. மறுநாள் பட்ஜெட்டிலும் அதே பேச்சு. அப்புறம் எந்த அமைச்சர் வாயைத் திறந்தாலும் இரட்டிப்புதான். 2022 வந்துச்சு, போச்சு, சொல்லையும் காணோம். 2024 இடைக்கால பட்ஜெட்டில் நம்மை "அன்னதாதா" என்றார்கள். சோறு போடுகிறவனாம்! பட்டம் கிடக்கட்டும், சங்கரன்கோவில் மானாவாரி உளுந்துக்கு என்ன விலைன்னு சொல்லுங்கய்யா.

"நானும் ஒரு விவசாயி" என்று எடப்பாடி பழனிசாமி எத்தனை மேடையில் சொன்னார்! 2020-ல் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தபோது முதல்வராக இருந்து அதை ஆதரித்தவரும் அவர்தான்.

இதில் கெட்டிக்காரச் சொல் "ஒன்றரை மடங்கு". உற்பத்திச் செலவோடு 50 சதவீதம் சேர்த்து விலை கொடு என்றது 2006-ல் சுவாமிநாதன் ஆணையம். 2018 பட்ஜெட்டில் கொடுத்துவிட்டோம் என்றார்கள். எந்தச் செலவுக்கு? விதை, உரம், கூலி போன்ற கைச்செலவு, அதோடு வீட்டாள் உழைப்பு. சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பும், போட்ட முதலுக்கான வட்டியும் அதில் கிடையாது. அதையும் சேர்த்த முழுச் செலவுக்குத்தான் நாம் ஒன்றரை மடங்கு கேட்கிறோம், அதுவும் சட்டமாக.

ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும், எந்தக் கொடியானாலும், உட்கார வைத்துக் கேளுங்கள்: "எந்தச் செலவுக்குய்யா ஒன்றரை மடங்கு?"